ரேடியேட்டர் ஃபேனுக்கு ‘டைரக்ட்’ கொடுப்பது தீர்வாகுமா?

ரேடியேட்டர் ஃபேன் ஓடவில்லை என்று வரும் பழைய கார்களுக்குப் பல இடங்களில் செய்யப்படும் வைத்தியம், ஃபேனுக்கு ‘டைரக்ட்’ கொடுப்பதுதான். இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் வெப்பத்தை உணர்ந்து ஃபேனை ஓடவைக்கும் ஃபேன் சுவிட்சை விலக்கிவிட்டு, சாவியைத் திருப்பியதும் ஃபேன் ஓடும்படியோ, டேஷ்போர்டில் பொருத்திய சிறு சுவிட்சைத் தட்டினால் ஓடும்படியோ வயரை இழுத்துவிடுகிறார்கள். ஆட்டோ எலக்ட்ரீஷியனாக நான் பிரித்துப் பார்த்த கருகிய வயர்க்கட்டுகளில் கணிசமானவை இப்படித் தொடங்கியவையே.

சிறிய காரின் ஃபேன் மோட்டார் ஓடும்போது ஏறத்தாழ 10 முதல் 20 ஆம்பியர் வரை இழுக்கும். சுழலத் தொடங்கும் கணத்தில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு இழுக்கும். இந்தச் சுமையை டேஷ்போர்டு சுவிட்சும், முறுக்கி டேப் சுற்றிய இணைப்பும் தாங்குவதில்லை. ஓர் இணைப்பில் வெறும் 0.1 ஓம் தடை இருந்தாலும், 20 ஆம்பியர் ஓடும்போது அங்கே 2 வோல்ட் இழப்பும் 40 வாட் வெப்பமும் உண்டாகின்றன. நாம் ஈயம் உருக்கப் பயன்படுத்தும் சால்டரிங் அயர்ன் பெரும்பாலும் 25 வாட்தான். “ஃபியூஸ் போகவே இல்லையே, பிறகு எப்படி உருகியது?” என்று வண்டிக்காரர்கள் கேட்பதற்கான விடையும் இதில்தான் இருக்கிறது: தளர்ந்த இணைப்பு மின்னோட்டத்தைக் கூட்டுவதில்லை, சற்றுக் குறைக்கவே செய்கிறது, ஆகவே ஃபியூஸுக்கு அது தெரிவதில்லை. உருகிய கனெக்டரைப் பார்த்துப் பெரிய ஃபியூஸ் போடுகிறவர்கள், இருந்த ஒரே காவலையும் நீக்கிவிடுகிறார்கள்.

முறையான வயரிங் அப்படியொன்றும் கடினமானதல்ல. பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் எடுத்து, ஒரு சாண் தொலைவுக்குள்ளேயே ஃபியூஸ் வைத்து (பெரும்பாலான சிறிய கார்களுக்கு 30 ஆம்பியர் போதும்), அங்கிருந்து ரிலேயின் (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்) 30-ஆம் முனைக்கும், 87-ஆம் முனையிலிருந்து ஃபேனுக்கும் கொண்டுசெல்ல வேண்டும். 86-க்கு இக்னிஷன் சப்ளை. 85 ஃபேன் சுவிட்ச் வழியாக எர்த்துக்கு (பேட்டரி நெகட்டிவோடு இணைந்த வண்டியின் உலோக உடல்) போகும். ரிலேக்குள் இருக்கும் கம்பிச்சுருள் (காயில்) இழுப்பது கால் ஆம்பியருக்கும் குறைவு என்பதால் ஃபேன் சுவிட்ச் நீண்ட நாள் உழைக்கும். ஃபேனின் எர்த்துக்கும் அதே பருமனுள்ள வயரே வேண்டும். பெயின்ட்டின் மேல் போல்ட்டை முறுக்கிவிட்டு எர்த் கொடுத்துவிட்டதாக நினைப்பது பரவலான வழக்கம். மோட்டாருக்கு பாசிட்டிவும் நெகட்டிவும் மாறிப்போனால் ஃபேன் எதிர்த்திசையில் சுழன்று, வண்டி ஓடும்போது முன்னாலிருந்து வரும் காற்றையே தடுக்கும். ஃபேன் சுற்றுகிறதா என்பதோடு எந்தப் பக்கம் காற்று போகிறது என்பதையும் கையால் உணர்ந்து பார்க்க வேண்டும்.

சுவிட்சின் வெப்ப அளவு, இன்ஜின் சூடான பிறகே கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் தெர்மோஸ்டாட் வால்வோடு பொருந்த வேண்டும். வால்வு 82 டிகிரியில் திறக்கத் தொடங்கும் இன்ஜினுக்கு, 95 அளவில் ஆன் ஆகி 90 அளவில் ஆஃப் ஆகும் சுவிட்ச் ஏற்றது. 80 டிகிரி சுவிட்சைப் போட்டால் ஃபேன் நிற்கவே நிற்காது. வால்வைக் கழற்றி எறிந்துவிட்டு டைரக்டும் கொடுத்த வண்டிகளில் இன்ஜின் உரிய சூட்டுக்கே வராமல் பெட்ரோலைக் குடிக்கும். பாடி எர்த் எடுக்கும் ஒற்றை முனைச் சுவிட்சின் மரையில் டெஃப்லான் டேப் சுற்றினால் எர்த் கிடைக்காமல் போகலாம். ரேடியேட்டரில் காற்று அடைத்திருந்தால் சுவிட்ச் கூலன்ட்டின் உண்மையான வெப்பத்தை உணராது.

டைரக்ட் கொடுப்பதற்கு முன் செய்யவேண்டிய சோதனை ஒரு நிமிட வேலைதான். இக்னிஷனை ஆன் செய்து, இரு முனைச் சுவிட்சின் கனெக்டரைக் கழற்றி அதன் இரண்டு முனைகளையும் ஒரு வயரால் இணைத்தால் ஃபேன் ஓடுகிறதென்றால், மோட்டாரும் ரிலேயும் நல்ல நிலையில் உள்ளன. மாற்றவேண்டியது பெரும்பாலும் சுவிட்ச் மட்டுமே. இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ உள்ள வண்டிகளில் இதைச் செய்யக்கூடாது. அங்கே ரிலேயை இயக்குவது ஈசியூ. அத்தகைய பல வண்டிகளில் கூலன்ட் சென்சாரின் இணைப்பு அறுந்தால், பாதுகாப்புக்காக ஃபேன் இடைவிடாமல் ஓடும். அதை ஃபேன் கோளாறு என்று எண்ணி ரிலேயைப் பிடுங்கிவிடுகிறவர்களும் உண்டு.

வேலை முடிந்ததும் ஃபேன் ஓடும் நிலையிலேயே பேட்டரி பாசிட்டிவுக்கும் ஃபேன் பாசிட்டிவுக்கும் இடையே மீட்டரை வைத்துப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இடையில் ஏதோ ஓர் இணைப்பு சூடாகிக்கொண்டிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும்வரை வண்டியை வெளியே அனுப்ப வேண்டாம்.