உங்கள் வீட்டில் குடியிருப்பவரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

சென்ற வாரம் என் அலுவலகத்துக்கு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்திருந்தார். பணி ஓய்வின்போது கிடைத்த தொகையுடன் வங்கிக் கடனும் சேர்த்து, மேடவாக்கம் பக்கத்தில் வாடகை வருமானத்துக்காக ஒரு அடுக்ககக் குடியிருப்பை வாங்கியவர். தாம் திருவண்ணாமலையில் இருப்பதால், வீட்டைப் ‘பராமரித்து’ மாதம் 18,000 ரூபாய் தவறாமல் கணக்கில் போட்டுவிடுவதாகச் சொன்ன இடைத்தரகு நிறுவனம் ஒன்றிடம் அதை ஒப்படைத்திருந்தார். ஒன்றரை ஆண்டுகள் பணம் ஒழுங்காக வந்தது. பிறகு மூன்று மாதங்கள் வரவில்லை. நேரில் போய்க் கதவைத் தட்டியபோது, திறந்தவர் ஒரு முத்திரைத் தாளைக் காட்டி, எட்டு லட்சம் ரூபாய் கொடுத்து வீட்டை ‘லீஸ்’ எடுத்திருப்பதாகவும், அந்தத் தொகை கைக்கு வராமல் காலி செய்வதற்கில்லை என்றும் சொல்லியிருக்கிறார். நிறுவனத்தின் தொலைபேசி அணைந்து கிடக்கிறது. இந்த ஆண்டில் இதே கதையுடன் என்னிடம் வந்தவர்களில் இவர் ஐந்தாமவர். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

சென்னையில் லீஸ் என்று சொல்லப்படுவது, மற்ற ஊர்களில் ஒத்தி, போக்கியம் என்று வழங்குவதற்கு நெருக்கமான ஏற்பாடு. குடிவருபவர் ஒரு பெருந்தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, மாத வாடகை இல்லாமல் இரண்டு மூன்று ஆண்டுகள் இருப்பார். காலி செய்யும்போது அதை அப்படியே திரும்பப் பெறுவார். (அனுபவ உரிமையுடன் கூடிய போக்கியம் சட்டப்படி ஓர் அடமானம், 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, கடன் தொகை நூறு ரூபாயைத் தொட்டாலே அதைப் பதிவு செய்தாக வேண்டும். எட்டு லட்சத்தை வெறும் முத்திரைத் தாளை நம்பிக் கொடுப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நூறு ரூபாய் நினைவுக்கு வரும்.)

இடைத்தரகர் உங்களுக்கு மாதம் 18,000 தருகிறார், குடியிருப்பவரிடம் எட்டு லட்சம் வாங்குகிறார் என்றால், அந்தத் தொகை 44 மாத வாடகைக்குக் காணும். அதாவது உங்களுக்கு வருவது குடியிருப்பவரின் முதலே. அதை ஒருநாள் திருப்பித் தர வேண்டியிருக்கும்போது இன்னொரு வீட்டில் புதிதாகக் குடிவருபவரிடமிருந்து வாங்கியதை எடுத்துத்தான் தர முடியும். புதிதாகக் குடிவருபவர்கள் குறையும் மாதத்தில் அலுவலகம் பூட்டப்படும். இதை நான் விளக்கும்போது எல்லோரும் தலையாட்டுகிறார்கள். ஆனால், அடுத்த வாக்கியமாக எல்லோரும் ஒன்றையே சொல்கிறார்கள்: “பதினோரு மாத அக்ரிமென்ட்தானே சார் போட்டிருக்கிறேன்.”

இந்தப் பதினோரு மாதத்தைப் பற்றி இனி எத்தனை முறை சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் சொல்வதால், அந்தச் செலவையும் அலைச்சலையும் தவிர்க்கக் கண்டுபிடிக்கப்பட்ட வழிதான் பதினோரு மாதம். அதற்கு வேறு எந்தச் சக்தியும் கிடையாது. பன்னிரண்டாம் மாதத்தின் முதல் நாளில் குடியிருப்பவர் தாமாக மூட்டை கட்டிவிட மாட்டார்; கட்டாவிட்டால் அவரை நீங்களே வெளியேற்றவும் முடியாது, வாடகை நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். மேலும், 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு, நில உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகள் பற்றிய 2017ஆம் ஆண்டின் சட்டம் தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இச்சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும்; அதை வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். ஆறு மாதமோ, பதினோரு மாதமோ, மூன்று ஆண்டோ, காலம் இங்கே பொருட்டில்லை. பதிவு செய்யப்படாத ஒப்பந்தத்தைச் சான்றாக ஏற்பதற்குச் சட்டமே தடை வைத்திருக்கிறது. ஆக, எந்தத் தாளை நம்பி நிம்மதியாகத் தூங்கினீர்களோ, அந்தத் தாளை நீதிமன்றத்தில் நீட்டுவதே சிக்கலாகிவிடுகிறது.

இதைவிடக் கசப்பான விஷயம் ஒன்று உண்டு. உரிமையாளரின் எழுத்துபூர்வமான சம்மதமின்றி வாடகைதாரர் உள்வாடகைக்கு விடக் கூடாது என்பது அனைவரும் அறிந்ததே. ஆசிரியரும் அதைத்தான் சொன்னார். ஒப்பந்தத்தை வாங்கிப் பார்த்தேன். ஏழாம் பக்கத்தில், இரண்டாம் தரப்பினர் தமக்கு உகந்தவர்களைக் குடியமர்த்திக்கொள்ளவும் அவர்களிடம் முன்பணம் பெற்றுக்கொள்ளவும் முதல் தரப்பினருக்கு ஆட்சேபணை இல்லை என்று தெளிவாக அச்சிட்டிருந்தது. அதன் கீழே அவருடைய கையெழுத்து. நாற்பது ஆண்டுகள் மாணவர்களின் விடைத்தாள்களை வரி வரியாகத் திருத்தியவர், இந்த ஒரு தாளை மட்டும் படிக்காமல் கையெழுத்திட்டிருக்கிறார்.

இந்த நிலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது: மின்சாரத்தையும் தண்ணீரையும் துண்டிக்காதீர்கள். இன்றியமையாத வசதிகளை நிறுத்துவதைச் சட்டம் தடை செய்கிறது; அதைச் செய்த மறுநாளே, பாதிக்கப்பட்ட நீங்கள் எதிர்மனுதாரராக நிற்பீர்கள். உள்ளே இருக்கும் குடும்பமும் உங்களைப் போலவே ஏமாந்தது என்பதைக் கோபம் தணிந்த பிறகாவது யோசியுங்கள். இருவரும் சேர்ந்து அந்தத் தரகர்மீது மோசடிப் புகார் கொடுப்பதும், காலி செய்வதற்கான கால அவகாசத்தை எழுத்தில் பேசி முடிப்பதும், ஒருவர்மீது ஒருவர் வழக்குப் போட்டு ஆண்டுக்கணக்கில் வாய்தா வாங்குவதைவிடப் பயன் தரும் என்பதே என் அனுபவம்.

இன்னும் மாட்டிக்கொள்ளாதவர்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. தரகரைக் குடித்தனக்காரர் தேடித் தரப் பயன்படுத்துங்கள், அவருக்குரிய கமிஷனைக் கொடுங்கள், அத்துடன் அவரை அனுப்பிவிடுங்கள். ஒப்பந்தம் உங்களுக்கும் குடியிருப்பவருக்கும் இடையில் நேரடியாக இருக்க வேண்டும்; வாடகையும் அவருடைய வங்கிக் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு வர வேண்டும். வெளியூரில் இருந்தால், முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிட்டு ஆண்டுக்கு இரண்டு முறையாவது வீட்டைப் போய்ப் பாருங்கள். அறுபது லட்சம் போட்டு ஆண்டுக்கு 2,16,000 ரூபாய் வாடகை வாங்கினால் கிடைப்பது 3.6 சதவீதம், அதிலும் சொத்து வரி, பராமரிப்புக் கட்டணம், வெள்ளையடிப்புச் செலவு போக மிஞ்சுவதுதான் வருமானம். இவ்வளவு மெல்லிய வருமானத்தில் ‘தலைவலியில்லாத’ உத்தரவாதத்தை ஒருவர் சேர்த்துத் தருகிறார் என்றால், அவருக்கு இலாபம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு முறை கேட்டிருக்கலாம்.

லீஸுக்குப் போகும் குடும்பங்களுக்கும் ஒரு வேண்டுகோள். சொத்து வரி ரசீதில் யார் பெயர் இருக்கிறதோ அவரை நேரில் பார்க்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் இணையதளத்திலேயே பார்த்துவிடலாம். வீட்டின்மீது பதிவான வங்கி அடமானம் இருந்தால் அதில் தெரியும். ஆனால், பதிவாகாத லீஸ் எதுவும் அதில் தெரியாது என்பதால், சான்று சுத்தமாக இருப்பதை மட்டும் வைத்துத் திருப்தியடைய வேண்டாம்.

ஆசிரியரின் வழக்கில் குடியிருப்பவரோடு பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. அதுவரை வங்கித் தவணையை அவர் ஓய்வூதியத்திலிருந்து கட்டுகிறார். இதே போன்ற ஏற்பாட்டில் வீட்டை விட்டிருப்பவர்கள் யோசனை கேட்க வரும்போது, தயவுசெய்து ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தை மட்டும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள்; எல்லாப் பக்கங்களும் உள்ள அசலை எடுத்துக்கொண்டு வாருங்கள்.