இரும்பு மாத்திரை எழுதும் முன் பாதத்தைப் பாருங்கள்

பண்ருட்டிப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் வேலை பார்த்த காலம். முந்திரிக் கொல்லையில் கூலி வேலை செய்யும் நாற்பது வயது அக்கா ஒருவர் வந்தார். கீழிமையை இழுத்துப் பார்த்தால் சுண்ணாம்பு அடித்தது போல வெளுப்பு. ஹீமோகுளோபின் 5.4. பெண்களுக்கு 12-க்குக் குறைந்தாலே சோகை; 8-க்குக் கீழே போனால் கடுமையான சோகை.

"நாலு அடி நடந்தா நெஞ்சு படபடங்குது டாக்டரம்மா. முன்ன ஒரு தடவ ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்துனாங்க. ஆறு மாசம் நல்லா இருந்துச்சு, அப்புறம் பழையபடி ஆயிடுச்சு."

சத்து மாத்திரையும் பலமுறை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். மூன்று மாதம் முன்பு அப்படி எழுதிக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. இந்த முறை வந்தபோது முந்தானை முடிச்சை அவிழ்த்து, நாலு பச்சரிசியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பச்சரிசி, சாம்பல், செங்கல் தூள் என்று நாக்கு தேடுவது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம். மாதவிடாய் சீராகத்தான் இருந்தது. அப்படியானால் ரத்தம் எந்த வழியாகப் போகிறது?

குனிந்து காலைப் பார்த்தேன். வெடிப்பெல்லாம் செம்மண், விரலிடுக்கில் சொறிந்த தடிப்புகள்.

"கொல்லைக்குச் செருப்பு போட்டுட்டுப் போவீங்களாக்கா?"

"மணல்ல பொதையுது. அத மாட்டிக்கிட்டு எப்படிம்மா வேலை செய்யறது?"

காலைக்கடனுக்கும் அதே கொல்லைதான். மலப் பரிசோதனைக்கு எழுதினேன். கொக்கிப்புழு முட்டைகள் இருந்தன.

கொக்கிப்புழு சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளம்தான் இருக்கும். சிறுகுடல் சுவரைக் கவ்விக்கொண்டு ரத்தம் உறிஞ்சும். தென்னிந்தியாவில் அதிகம் காணும் நெகேட்டர் வகைப் புழு ஒன்று நாளைக்கு 0.03 மில்லி ரத்தம் குடிக்கிறது. கேட்பதற்குச் சொற்பம்தான். நூறு புழு இருந்தால் நாளைக்கு 3 மில்லி, மாதத்துக்கு 90 மில்லி. புழுவோ சில ஆண்டுகள் உயிரோடு இருக்கும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது போலத்தான் அந்த அக்காவுக்கு நாங்கள் இரும்பு கொடுத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு பெண் புழு தினமும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். மலத்தோடு வெளியேறும் முட்டை, நிழலும் ஈரமும் உள்ள மணலில் ஓரிரு நாளில் பொரியும். ஒரு வாரம், பத்து நாளில் தோலைத் துளைக்கும் பருவத்துக்கு லார்வா என்னும் இளம்புழு வந்துவிடும். முந்திரித் தோப்பின் நிழல் அதற்கு வசதியான இடம். வெறுங்காலைத் துளைத்து, ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலுக்கு வந்து சேர்கிறது. எகிப்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஆர்தர் லூஸ் என்ற விஞ்ஞானியின் கையில் லார்வா கலந்த நீர் தற்செயலாகச் சிந்தியது. கை அரித்தது, பிறகு அவர் மலத்திலேயே முட்டைகள் தெரிந்தன. தோல் வழியாகப் புழு நுழைவது அப்படித்தான் பிடிபட்டது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் நம் மக்களின் ரத்தத்தைக் குடித்ததும் இதே புழுதான். 1916-இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை அங்கே ஒழிப்புப் பணி தொடங்கியது.

இனிப்பு தின்றால் பூச்சி வரும் என்று பிள்ளைகளை அதட்டுகிறோம். மிட்டாயிலிருந்து புழு வராது. மலம் கலந்த மண்ணிலிருந்துதான் வரும். "மாத்திரை போட்டேன், ஒண்ணுமே விழலையே" என்பார்கள். விழுந்தாலும் நூல் போல மெல்லிய புழு, மலத்தில் எளிதில் கண்ணில் படாது. மருந்து வேலை செய்யவில்லை என்று நினைக்க வேண்டாம்.

மருந்து எளிது. அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், ஒரே வேளை. கர்ப்பிணிகளுக்கு முதல் மூன்று மாதம் கொடுப்பதில்லை. அந்த அக்காவை அரசு மருத்துவமனைக்கு அனுப்பி இரும்புச்சத்தை ஊசி வழியாக ஏற்றச் செய்தோம், பிறகு மாத்திரை. ஹீமோகுளோபின் சரியானதும் நிறுத்திவிடக் கூடாது, மேலும் மூன்று மாதமாவது சாப்பிட வேண்டும். டீயோடு சேர்த்துப் போட்டால் உடம்பில் ஒட்டாது.

சக மருத்துவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். காலையில் வந்த மல மாதிரியை மாலையில் பார்த்துவிட்டு 'புழு இல்லை' என்று எழுதாதீர்கள். காட்டோ-காட்ஸ் முறையில் மலத்தைத் தடவிய கண்ணாடி ஸ்லைடில் கொக்கிப்புழு முட்டை சீக்கிரமே கரைந்து மறைந்துவிடும். ஸ்லைடு தயாரித்த ஒரு மணி நேரத்துக்குள் பார்த்தாக வேண்டும்.

பிப்ரவரி, ஆகஸ்ட் மாதங்களில் தேசியக் குடற்புழு நீக்க நாளன்று 1 முதல் 19 வயது வரையுள்ளவர்களுக்கு மாத்திரை கொடுக்கிறோம். நல்ல திட்டம். ஆனால் உருண்டைப்புழு குழந்தைகளிடம்தான் மிகுதி; கொக்கிப்புழு அப்படியில்லை. பெரியவர்களிடமும் ஏராளமாக இருக்கிறது. பிள்ளைக்கு மாத்திரை கொடுத்துவிட்டு அம்மாவையும் தாத்தாவையும் விட்டால், அவர்கள் வழியாக அதே மணலில் மறுபடி முட்டை விழுகிறது. ஊரில் எல்லா வயதினருக்கும் ஆண்டுக்கு இருமுறை கொடுத்தால் இந்தச் சங்கிலி அறுமா என்று டீவார்ம்3 ஆய்வு பெனின், மலாவி நாடுகளோடு நம் திமிரியிலும் ஜவ்வாது மலையிலும் சோதித்தது. என் அனுபவத்தில், வீட்டில் ஒருவருக்குப் புழு இருந்தால் எல்லோரையும் பார்க்காமல் விடக் கூடாது. கழிப்பறையும் வேண்டும், அதில் தண்ணீரும் வேண்டும்.

நாலு மாதம் கழித்து அந்த அக்கா மணலில் கழலாத ரப்பர் ஷூ போட்டுக்கொண்டு வந்தார். ஹீமோகுளோபின் 10.6. முந்தானையில் முடிச்சு இல்லை. கூடவே மாமியாரையும் அழைத்து வந்திருந்தார். "இவங்களும் என்னோடதான் கொட்டை பொறுக்க வருவாங்க, கொஞ்சம் பாருங்கம்மா" என்றார். அந்தப் பாட்டியின் கீழிமையை இழுத்துப் பார்த்தேன். வெளுத்திருந்தது.