பரஸ்பர விவாகரத்து: கையெழுத்திடும் முன் கவனிக்க வேண்டியவை

மனமொத்துப் பிரிய முடிவெடுத்து வரும் தம்பதியர் பெரும்பாலும் முதலில் கேட்பது, எவ்வளவு சீக்கிரம் முடியும் என்பதைத்தான். இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவின்படி, ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்தவர்கள் மனு தாக்கல் செய்து, ஆறு மாதம் கழித்து மீண்டும் சம்மதம் தெரிவிக்க வேண்டும். தக்க சூழலில் அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் கூறியது. ஆனால், அவசரத்தில் எழுதிய சமரச ஒப்பந்தமே பலரைத் தீர்ப்புக்குப் பிறகும் குடும்பநல நீதிமன்றத்துக்கு இழுத்து வருகிறது.

“குழந்தை தாயிடம் இருக்கும், தந்தை அவ்வப்போது பார்த்துக்கொள்ளலாம்” என்ற ஒற்றை வரியோடு குழந்தையின் பொறுப்பை முடித்துவிடும் ஒப்பந்தங்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். எந்தக் கிழமை, எத்தனை மணி வரை, யார் கொண்டுவந்து விடுவது, இரவு தங்கலாமா, கோடை விடுமுறையில் எத்தனை நாள், பள்ளியின் மதிப்பெண் அறிக்கை இருவருக்கும் வருமா, பாஸ்போர்ட்டுக்கு யார் சம்மதம் தருவது என்று எதுவும் எழுதப்படாததால், ஒவ்வொரு சந்திப்பும் பேரமாகிவிடுகிறது. பள்ளிப் பையோடு வாசலில் காத்து நிற்பது குழந்தை. பிற்பாடு நிலைமை மாறினால், அதே சட்டத்தின் 26ஆம் பிரிவின் கீழ் இந்த ஏற்பாட்டை மாற்றக் கோரலாம். பராமரிப்புத் தொகையே வேண்டாம் என்று தாய் எழுதிக்கொடுத்தாலும் குழந்தையின் உரிமை போய்விடாது. இதை இரு தரப்புக்கும் நான் அழுத்திச் சொல்வதுண்டு.

திருமணத்துக்குப் பின் வாங்கிய சொத்து தானாகவே இருவருக்கும் சரிபாதி என்று பலர் நம்புகிறார்கள். கோவாவைத் தவிர்த்தால், அப்படியொரு பொது விதி நம் நாட்டில் இல்லை. பத்திரத்தில் இருக்கும் பெயரே முதலில் பார்க்கப்படும். வீட்டைக் கவனித்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் சொத்துக்கான பங்களிப்பே என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் ஏற்றுக்கொண்டது மிக முக்கியமான முன்னேற்றம்தான் என்றாலும், அதைக் காட்டி உரிமை கோருபவர் தனியே உரிமையியல் வழக்கு நடத்த வேண்டிவரலாம். சீதன நகைகள் மனைவிக்கே சொந்தம். எடையோடு பட்டியலிட்டு, ஒப்படைத்த நாளையும் குறிப்பிட வேண்டும்.

கூட்டு வீட்டுக்கடனில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். கணவரே கடனைக் கட்டுவார் என்று ஒப்பந்தத்தில் எழுதினாலும் வங்கியை அது கட்டுப்படுத்தாது. தவணை தவறினால் மனைவிக்கும் நோட்டீஸ் வரும். ஆகவே, மனைவியின் பெயரைக் கடனிலிருந்து விடுவிக்க வங்கி எழுத்துபூர்வமாகச் சம்மதித்த பின்னரே வீட்டில் அவருக்குள்ள பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திடுமாறு சொல்கிறேன்.