முக மீளியக்கம்

செயலிழந்த முகத்தை மறுபடி அசைய வைக்கும் அறுவை சிகிச்சையை ஆங்கிலத்தில் ‘ஃபேஷியல் ரீஅனிமேஷன்’ என்கிறார்கள். ‘அனிமா’ லத்தீன் சொல். மூச்சு, உயிர் என்று பொருள். நம் பழந்தமிழிலும் ‘உயிர்த்தல்’ என்றால் மூச்சுவிடுதல்தான். இந்த ஒற்றுமையில் மயங்கி ‘முகப் புத்துயிர்ப்பு’ என்று பெயர்க்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது, மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் பெரியம்மாவிடம் சொல்லிப் பார்க்கும்வரை.

“அப்ப என் மூஞ்சி செத்துப்போச்சாய்யா?” என்றார்.

காதோரச் சுரப்பியில் வந்த கட்டி முக நரம்பைச் சுற்றிக்கொண்டதால், நரம்பையும் சேர்த்தே எடுக்க வேண்டியிருந்தது. ஏழாம் மூளை நரம்பு அது. அது போனால் கண் மூடாது, வாய் கோணும், குடிக்கிற தண்ணீர் கடைவாயில் ஒழுகும். ஆனால் கன்னத்தைத் தொட்டால் தெரியும். தொடு உணர்வு ஐந்தாம் நரம்பின் வேலை. பெரியம்மாவின் முகம் சாகவில்லை, அசைவுதான் நின்றிருந்தது. அன்றோடு ‘புத்துயிர்ப்பை’ விட்டுவிட்டேன்.

‘முகவாதம்’ நோயின் பெயர். தோட்டத்து லயத்தில் ‘காத்துப் பட்டுடுச்சு’ என்பார்கள், கிளினிக்கில் மலாய் மொழியில் ‘லும்போ மூக்கா’. சிகிச்சைக்குத் தனிச்சொல் வேண்டும்.

1895இல் ஆங்கிலேய மருத்துவர் சார்ல்ஸ் பேலன்ஸ் முக நரம்பைத் தோளை அசைக்கும் நரம்போடு இணைத்தார். நாள்பட்டால் முகத் தசையே சூம்பிவிடும். அப்போது நரம்பு மட்டும் போதாது. 1976இல் ஜப்பானிய மருத்துவர் ஹாரியும் குழுவினரும் உள்தொடைத் தசையை எடுத்துக் கன்னத்தில் பொருத்திய முறையை வெளியிட்டனர். பெரியம்மாவுக்கும் அதே தசைதான். மெல்லும் தசைக்குப் போகும் நரம்போடு இணைத்தார்கள். ‘ஒட்டு’ என்ற சொல்லை அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. இளவயதில் ரப்பர் கன்றுகளுக்கு ஒட்டுக் கட்டியவர். “புடிக்க எத்தன மாசம்?” என்று மட்டும் கேட்டார். நரம்பு நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும்; அதனால் மாதக்கணக்காகும்.

நான் சொல்வது ‘முக மீளியக்கம்’. ‘இயக்கம்’ என்ற சொல்லில் இயக்குவதும் இருக்கிறது, இயங்குவதும் இருக்கிறது. இந்தச் சிகிச்சைக்கு இரண்டுமே தேவை. முதலில் பல்லைக் கடித்தால்தான் உதட்டோரம் மேலேறும்; அது இயக்குதல். பயிற்சி கூடக்கூடச் சிலருக்குக் கடிக்காமலே சிரிப்பு வரும், அது இயங்குதல்.

பெரியம்மா தினமும் பசியாறுவதற்கு முன் கண்ணாடிமுன் நின்று பல்லைக் கடித்துக் கடித்துப் பார்க்கிறார்.