ஏஜென்சி வழியாக ஒப்பந்த வேலை: கையெழுத்துப் போடும் முன்

ஒப்பந்த வேலை தேடும் டெக்னிக்கல் ரைட்டர்கள் (மென்பொருள் போன்றவற்றுக்குக் கையேடு எழுதுபவர்கள்) பலர், ஆள்சேர்ப்பு ஏஜென்சியைத் தம் பக்கத்து ஆளாகவே நினைத்துக்கொள்கிறார்கள். ஏஜென்சிக்குப் படியளப்பது வேலை தரும் நிறுவனம். நம் ஒரு மணி நேரத்துக்கு அங்கே ஒரு விலை வாங்கி, அதில் ஒரு பகுதியை நமக்குத் தருகிறார்கள்; மிச்சம் அவர்கள் வருமானம். அதில் தவறில்லை. மிச்சம் எவ்வளவு என்று கேட்பதிலும் தவறில்லை. பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் கேட்டு வைத்தால் பிறகு நடக்கும் பேரத்தில் கொஞ்சம் மரியாதை கூடும்.

ஏஜென்சியிலிருந்து பேசுகிறவருக்கு நம் தொழில் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். என் ரெஸ்யூமேயில் டிட்டா (DITA) என்ற ஆவண வடிவத்தில் எழுதிய கையேடுகள் வரிசையாக இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே ஒருவர், "எக்ஸ்எம்எல் தெரியுமா? தெரியாவிட்டால் அனுப்ப முடியாது" என்றார். ஐபிஎம்மில் பிறந்து, 2005-இல் ஓயாசிஸ் என்ற அமைப்பின் தரநிலையான டிட்டாவே, உரையைக் குறிச்சொற்களால் பகுக்கும் எக்ஸ்எம்எல்லால் ஆனதுதான். விளக்கிப் பயனில்லை, அவர் கையில் இருப்பது நிறுவனம் கொடுத்த சொற்பட்டியல். இப்போதெல்லாம் இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

எல்லாவற்றையும்விடக் கவனம் தேவைப்படுவது, "உங்கள் சார்பில் விண்ணப்பிக்க அனுமதி தாருங்கள்" என்று வரும் மின்னஞ்சல். ஒரே வேலைக்குப் பல ஏஜென்சிகள் ஆள் தேடிக்கொண்டிருக்கும். ஒருவருடைய பெயர் இரண்டு ஏஜென்சி வழியாக வந்து சேர்ந்தால், முதலில் வந்ததை மட்டும் ஏற்கும் நிறுவனம் உண்டு. கமிஷன் யாருக்கு என்ற வம்பே வேண்டாமென்று இரண்டையும் ஒதுக்கிவிடும் நிறுவனமும் உண்டு. நிறுவனத்தின் பெயர், வேலை எண், மணிக்கு எவ்வளவு, அனுமதி எத்தனை நாளுக்கு என்பதெல்லாம் எழுத்தில் வராதவரை "சரி" என்று பதில் போடாதீர்கள். நிறுவனத்தின் பெயர் ரகசியம் என்பவரிடம், அப்படியானால் என் பெயரும் ரகசியமாகவே இருக்கட்டும் என்று சொல்லிவிடலாம்.

அடுத்தது பணம். "நிறுவனம் எங்களுக்குத் தந்த பிறகே உங்களுக்குத் தருவோம்" என்ற வரி ஒப்பந்தத்தின் நடுவில் எங்காவது பதுங்கியிருக்கும். பெரிய நிறுவனங்கள் பில்லைத் தீர்க்க 60, 90 நாள்கூட எடுத்துக்கொள்கின்றன. அதுவரை ஏஜென்சியின் வியாபாரத்துக்கு நாம் வட்டியில்லாக் கடன் கொடுத்துக்கொண்டிருப்போம். அந்த வரியை அடித்து, டைம்ஷீட் (வேலை செய்த நேரத்தின் பதிவு) ஒப்புதலான 30 நாளுக்குள் என்று மாற்றச் சொல்லுங்கள். டைம்ஷீட்டில் ஒப்பமிடுபவர் விடுப்பில் போனால் யார் ஒப்பமிடுவார் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் வேலைக்கே உரிய தொல்லை இன்னொன்று உண்டு. மென்பொருள் வெளியீடு தள்ளிப்போகும். வரைவைப் பார்த்துச் சொல்ல வேண்டிய பொறியாளர் பிழை திருத்துவதில் மூழ்கியிருப்பார். நாம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்போம். மணிக்கணக்கில் பேசியிருந்தால் இந்த நேரத்துக்கும் பணம் உண்டா என்று தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பக்கக் கணக்கில் பேசியிருந்தால் காத்திருப்பு நம் செலவுதான். அந்தக் கணக்குக்கு நான் ஒத்துக்கொள்வதில்லை.

ஏஜென்சியைத் தாண்டி அதே நிறுவனத்தில் நேரடியாகச் சேரக் கூடாது என்ற தடையும் இருக்கும். நாம் உண்மையில் வேலை செய்த நிறுவனத்துக்கு மட்டும், குறிப்பிட்ட மாதங்களுக்கு மட்டும் என்றால் சரி. ஏஜென்சியின் வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் என்றிருந்தால் அடித்துவிடுங்கள்.

நன்றாக எழுதியும் ஒப்பந்தத்தை நீட்டவில்லையே என்று சிலர் மனம் உடைகிறார்கள். பல நேரம் காரணம் சட்டம். ஒப்பந்தக்காரர்கள் என்ற பெயரில் நெடுநாள் வேலை செய்தவர்கள், நிரந்தர ஊழியர்களுக்கான சலுகைகள் தங்களுக்கும் வேண்டும் என்று தொடுத்த வழக்கை மைக்ரோசாப்ட் 2000-இல் 9.7 கோடி டாலர் தந்து முடித்துக்கொண்டது. அவர்களில் மெய்ப்புத் திருத்துநர்களும் இருந்தார்கள். ஒப்பந்தக்காரர்களுக்குக் கால வரம்பு வைக்கும் நிறுவனங்கள் அஞ்சுவது இத்தகைய வழக்குகளுக்குத்தான்.

கடைசி வாரத்தில் ஒரு வேலை பாக்கி இருக்கும். நீங்கள் எழுதியவற்றில் பொதுவெளியில் வெளியான பக்கங்களை மாதிரியாகக் காட்டலாமா என்று நிறுவன மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். அனுமதி கிடைத்தால் உடனே பிடிஎஃபாகச் சேமித்துக்கொள்ளுங்கள். அடுத்த பதிப்பு வந்தால் இணையத்தில் அந்தப் பக்கம் இருக்காது.