படிகத்துக்குள் சிக்கிய உலோகம்

எரிமலைப் பாறையில் இரும்பு இருப்பதில் வியப்பில்லை. பசால்ட் என்ற எரிமலைப் பாறையின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இரும்பு ஆக்சைடுதான். அந்த இரும்பு ஆக்சிஜனை விட்டுத் தனி உலோகமாகக் கிடைத்தால்தான் நிமிர்ந்து உட்கார வேண்டும்.

1870இல் நோர்டென்ஷெல்டு என்ற ஆய்வாளர் கிரீன்லாந்தின் டிஸ்கோ தீவுக் கரையில் டன் கணக்கில் எடையுள்ள இரும்புப் பாளங்களைக் கண்டார். நிக்கலும் கலந்திருந்ததால் விண்கற்கள் என்றே முடிவுகட்டினார். அப்புறம் டென்மார்க்கின் ஸ்டீன்ஸ்ட்ரப், அதே இரும்பு அங்குள்ள பசால்ட்டுக்குள் மணிமணியாகப் பதிந்திருப்பதைக் காட்டினார். விண்ணிலிருந்து விழுந்த இரும்பு பாறைக்குள் இப்படிப் பரவிக் கிடக்காது.

நடந்தது இதுதான். ஏறத்தாழ 6 கோடி ஆண்டுகளுக்கு முன் மேலேறிய மேக்மா (உருகிய பாறைக் குழம்பு), கரிமம் (கார்பன்) செறிந்த படிவுப் பாறைகளை ஊடுருவி வந்தது. அந்தக் கரிமம் மேக்மாவிலிருந்து ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ள, இரும்பு தனித்து நின்றது. இரும்பாலையின் ஊதுலையிலும் இதே வேதிவினைதான் நடக்கிறது. சரி, தூய இரும்பு உருக 1538 டிகிரி செல்சியஸ் வேண்டுமே, பசால்ட் மேக்மாவோ 1200ஐ ஒட்டித்தானே இருக்கும்? கரிமம் போதுமான அளவு கரைந்த இரும்பு 1150 டிகிரி வாக்கிலேயே உருகிவிடும். டிஸ்கோ இரும்பில் கோஹனைட் என்ற இரும்புக் கார்பைடு, அதாவது இரும்பும் கரிமமும் சேர்ந்த சேர்மம், இருப்பது இந்தக் கதைக்கு நேரடிச் சாட்சி. மேக்மா வழியில் எதை விழுங்கியது என்பதை ஓர் இரும்பு மணி இத்தனை தெளிவாகச் சொல்வது எனக்கு இன்றும் பிரமிப்புதான்.

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்துச் சூரியக்கல் என்ற மணிக்கல்லில் இருப்பது செம்பு. கல்லைத் திருப்பினால் ஒரு கோணத்தில் மட்டும் உள்ளே செம்மினுக்கம் பளிச்சிடும். அந்தக் கல்லான ஃபெல்ட்ஸ்பார் கனிமப் படிகத்துக்குள் ஒரே திசையில் அடுக்கியிருக்கும் நுண்ணிய செம்புத் தகடுகள்தான் காரணம்.

இவற்றைவிடப் பரவலாகக் கிடைப்பவை சல்ஃபைடு துளிகள், அதாவது உலோகமும் கந்தகமும் சேர்ந்த துளிகள். வளரும் ஒலிவின் என்ற கனிமத்தின் படிகம் மேக்மாக் குழம்பிலுள்ள துளியை உள்ளே வைத்து மூடிக்கொள்கிறது. மெருகேற்றிய வெட்டில் நுண்ணோக்கி வழியே பார்த்தால் அது பித்தளை நிறத்தில் மின்னும். செம்பும் தங்கமும் குழம்பில் இருப்பதைவிடச் சல்ஃபைடில் பல மடங்கு அதிகமாகச் சேரும். ஆழத்திலேயே துளிகள் பிரிந்து தங்கிவிட்டால் மேலே வரும் மேக்மா உலோகம் வற்றிப்போயிருக்கும். ஆக்சிஜன் மிகுந்த மேக்மாவில் கந்தகம் ஆக்சிஜனோடு சேர்ந்து சல்ஃபேட்டாகக் கரைந்துவிடுவதால் துளிகள் எளிதில் உருவாவதில்லை; உலோகம் மேலே வரை வந்து சேர்கிறது. செம்புத் தாது தேடுபவர்கள் இந்தத் துளிகளை உன்னிப்பாகப் படிப்பது அதனால்தான்.