மறைந்த துணையா, மறைதுணையா?

வெள்ளவத்தையில் எங்கள் கீழ்வீட்டுப் பிள்ளை உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிறாள். பாடசாலைக் கண்காட்சிக்கு ஆங்கிலக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டு வந்தாள். ‘பாரிய உடுக்களின் மறைந்த துணைகள்’ என்று தலைப்பு. பெரும் திணிவுள்ள நட்சத்திரங்களுக்குப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும் சோடி நட்சத்திரங்களைத்தான் சொல்கிறாள். “அங்கிள், சரியோ?”

எனக்குப் பேப்பரின் மரண அறிவித்தல் பக்கம்தான் ஞாபகம் வந்தது. தமிழில் ஒருவரை ‘மறைந்த’ என்று எழுதிவிட்டால் கதை முடிந்தது.

முதலில் ‘துணை’யைப் பார்ப்போம். ஆங்கிலக்காரர் இதைக் கம்பானியன் என்பார்கள். இலத்தீனில் ‘கொம்’ என்றால் உடன், ‘பானிஸ்’ என்றால் ரொட்டி. அதே பானிஸ்தான் போர்த்துக்கேயரின் வாய் வழியாக வந்து, நாங்கள் காலையில் சம்பலோடு சாப்பிடும் பாண் ஆனது. ஆக, கம்பானியன் என்பவர் பாணைப் பங்குபோட்டுச் சாப்பிடுபவர். இது உடுக்களுக்கு அச்சொட்டாகப் பொருந்துகிறது. திணிவுமிக்க உடுக்களில் 70 சதவீதத்துக்கும் மேலானவை தம் வாழ்நாளில் துணையோடு பொருளைக் கொடுத்து வாங்கும் என்று 2012இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. சில முழுதாகவே ஒன்றையொன்று விழுங்கி ஒன்றாகிவிடும்.

தமிழ்த் ‘துணை’யில் பாண் இல்லை. கூட இருப்பது இருக்கிறது, சோடி சேர்வது இருக்கிறது. ஆனால் துணைவேந்தர் என்று பழகிய காதுக்கு அடுத்த படியில் உள்ளவர் என்ற வாடையும் அடிக்கும். அதனால் துணை என்றால் சின்னது என்று நினைத்துவிடக் கூடாது. இரவு வானில் ஆகப் பிரகாசமான உடுவான சீரியஸ் மெல்லத் தள்ளாடுவதைப் பார்த்து, பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது என்று 1844இல் ஜெர்மன் வானியலாளர் பெசல் சொன்னார். 1862இல் அமெரிக்கத் தொலைகாட்டி செய்பவரான அல்வன் கிரகாம் கிளார்க் அதைத் தொலைகாட்டியில் கண்டார். இன்று அது ஒரு வெண்குறளி, அதாவது எரிந்து முடிந்து சுருங்கிப்போன உடு. ஒரு காலத்தில் அந்தச் சோடியில் கனத்த ஆள் அதுதான். வேகமாக எரிந்து முடிந்துவிட்டது. சரி, அதை வேண்டுமானால் ‘மறைந்த துணை’ என்று தாராளமாக எழுதலாம்!

மற்றத் துணைகள் பல உயிரோடுதான் இருக்கின்றன, பக்கத்து உடுவின் பிரகாசத்தில் ஒளிந்துகொண்டு. தை மாத இரவில் கொழும்பில் கிட்டத்தட்ட தலைக்கு மேலே நிற்கும் ஓரியனின் இடுப்புப் பட்டியைப் பாருங்கள். மூன்றில் மேற்கே இருப்பது மின்டாக்கா. வெறுங்கண்ணுக்கு ஒரே புள்ளி. அதன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் வரும் நிறமாலையில் உள்ள கோடுகளோ 5.7 நாளுக்கு ஒருமுறை சிவப்புப் பக்கமும் நீலப் பக்கமும் போய்த் திரும்புகின்றன. யாரோ பிடித்து இழுக்கிறார்கள். ஆனால் இதுபோன்ற திணிவுமிக்க உடுக்கள் பல வேகமாகச் சுழல்வதால் கோடுகள் அகன்று கலங்கிக் கிடக்கும். மங்கலான துணையின் கோடு அதற்குள் அமுங்கிப்போகும். துணை தூரத்தில் மெதுவாகச் சுற்றினால் அசைவும் பிடிபடாது. அப்போதுதான் சிலியின் பரனால் மலையில் இருப்பதுபோல, நான்கு 8.2 மீற்றர் தொலைகாட்டிகளின் ஒளியை ஒன்றாகச் சேர்த்து இரண்டு புள்ளிகளையும் பிரித்துப் பார்க்கிறார்கள். ஆண்டுக்கணக்காகப் பார்த்துக் குறித்த புள்ளிகளைக் கோத்தால் சுற்றுப்பாதை வரும். சுற்றுப்பாதை வந்தால் திணிவும் வரும்.

திணிவு என்றதும் இன்னொன்று. ‘பாரிய’வையும் வெட்டச் சொன்னேன். அது பருமனைச் சொல்கிறது. இங்கே பேச்சு திணிவைப் பற்றியது. தமிழ்நாட்டுப் புத்தகத்தில் இதை ‘நிறை’ என்பார்கள். நமக்கு நிறை என்றால் வேறு கணியம், பொருளைப் புவி இழுக்கும் விசை, அதனால் அங்கிருந்து எடுத்து அப்படியே ஒட்டவும் முடியாது.

கடைசியில் நான் கொடுத்த சொல் ‘மறைதுணை’. வினைத்தொகை: மறைந்த, மறைகின்ற, மறையும் என்று மூன்று காலமும் உள்ளே அடங்கும். ஒன்றையொன்று மறைத்து மறைத்து வெளிவரும் சோடிகளுக்கும் பொருந்தும்.

“மறை என்றால் வேதமும்தானே, அங்கிள்?”

அதுவும் சரிதான். கலியாணத்தில் ஐயர் மறை ஓதிவிட்டுப் பட்டப்பகலில், மண்டபத்துக் கூரையைக் காட்டி, அருந்ததி தெரிகிறதா என்று கேட்கிறார். பொம்பிளையும் தெரிகிறது என்கிறாள். அருந்ததிக்குப் பக்கத்தில் உள்ள வசிட்டர் தொலைகாட்டியில் இரண்டு, நிறமாலையில் நான்கு. அருந்ததிக்கே ஒரு மறைதுணை இருப்பது 2009இல் தெரியவந்தது. அதை மட்டும் கண்காட்சியில் போட வேண்டாம் என்று பிள்ளையின் அம்மா சொல்லிவிட்டார்.